காப்பீட்டு அட்டை இல்லை, கட்டி இருக்கிறது: சிஸ்டரிடம் கேளுங்கள்

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில, அறுவை சிகிச்சை வார்டுலயும் ஓ.பி.யிலயும் 31 வருஷம் நர்ஸா இருந்து ஓய்வு பெற்றவள் நான். உடம்புல கட்டி தட்டுப்படுது, இன்சூரன்ஸ் இல்லை, என்ன செய்யன்னு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதறேன். கட்டி என்னன்னு எழுத்தைப் படிச்சுச் சொல்ல டாக்டராலகூட முடியாது. ஆனா எந்த வாசல்ல போய் நிக்கணும், என்ன கேட்கணும், எதுக்குக் காசு ஆகும், எதுக்கு ஆகாதுங்கறது எனக்கு நல்லாத் தெரியும்.

சிஸ்டர், எனக்கு 41 வயசு, மேலூர் பக்கம். இடது மார்புல புளியங்கொட்டை அளவு கட்டி. வலி இல்லை. ரெண்டு மாசமா இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்க வீட்ல எடுக்கலை. அட்டை எடுத்துட்டுப் போகலாம்னு இருக்கேன்.

அட்டைக்காகக் காத்திருக்காதீங்கம்மா. திங்கட்கிழமை காலையிலேயே கிளம்பி மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. ஆதார் இருந்தா எடுத்துக்கங்க. ஓ.பி. சீட்டு வாங்கி, "மார்புல கட்டி"ன்னு சொன்னா அறுவை சிகிச்சை ஓ.பி.க்கு அனுப்புவாங்க. அரசு ஆஸ்பத்திரியில டாக்டர் பார்க்கவும், ரத்தப் பரிசோதனைக்கும், ஆபரேஷனுக்கும் அட்டை வேணும்கிற கட்டாயமே கிடையாது. சி.டி., எம்.ஆர்.ஐ. மாதிரி பெரிய ஸ்கேனுக்கு மட்டும் அரசு வச்ச கட்டணம் கேட்கலாம். வெளியே எடுக்கிறதைவிட அது ரொம்பக் குறைவு.

அங்கே மூணு வேலை நடக்கும். டாக்டர் கையால தடவிப் பார்ப்பாங்க, அக்குளையும் சேர்த்து. அப்புறம் மேமோகிராமோ (மார்பகத்துக்கான எக்ஸ்ரே) அல்ட்ராசவுண்டோ எடுப்பாங்க. தேவைப்பட்டா ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவாங்க. ஸ்கேன்கூட எடுக்காம "ஒண்ணுமில்லை, போ"ன்னு யாராவது சொன்னா, "ஸ்கேன் எழுதிக் குடுங்க டாக்டர்"னு தைரியமாக் கேளுங்க. மார்புல வர்ற கட்டிகள்ல பெரும்பாலானது புற்றுநோய் இல்லை, அது நிஜம். ஆனா வலி இல்லைங்கறதை வச்சு நிம்மதி ஆயிடாதீங்க. புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது.

ஒரு விஷயம் பழகின ஆளுக்குத்தான் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு யூனிட். திங்கள் பார்த்த டாக்டர்களை மறுபடி பார்க்கணும்னா திங்கட்கிழமையே போகணும். வேற நாள்ல போனா புதுசா ஆரம்பிக்க வேண்டிவரும், ஒரு வாரம் வீணாகும்.

அட்டை வேலையை வீட்டுக்காரர் தனியாப் பார்க்கட்டும். குடும்ப வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா தகுதி உண்டு. வி.ஏ.ஓ. கிட்ட வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போகணும். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை. சந்தேகம்னா 1800 425 3993-க்கு இலவசமாப் பேசலாம்.

என் வார்டுக்கு ஒரு அம்மா வந்தாங்க. மார்புப் புண்ணுக்கு மேல மஞ்சள் துணியைக் கட்டி, அதுக்கு மேல சேலையை இழுத்து மூடிக்கிட்டு. ஏம்மா இத்தனை நாள் கழிச்சுன்னு கேட்டேன். "கார்டு இல்லையே, உள்ளேயே விடமாட்டீகன்னு நெனச்சேன்"னாங்க. பதினாலு மாசம். அந்தப் பதில் இன்னும் என்னைத் தூங்கவிடலை. அதுக்காகத்தான் இதையெல்லாம் எழுதறேன்.

இப்பவே தனியார் பாலிசி ஒண்ணு எடுத்துட்டு, ஆறு மாசம் கழிச்சு டாக்டரைப் பார்த்தா கிளைம் கிடைக்குமா?

வேண்டாம் தம்பி. பாலிசி எடுத்தா முதல் 30 நாளைக்கு விபத்தைத் தவிர எதுக்கும் பணம் கிடைக்காது. ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூணு வருஷம் வரைக்கும் போகும். கட்டி இருக்கிறது தெரிஞ்சும் படிவத்துல எழுதாம மறைச்சா, அதையே காரணமாக் காட்டிக் கிளைமை மறுத்துடுவாங்க. பிரீமியமும் போகும், ஆறு மாசமும் போகும். அந்த ஆறு மாசம்தான் பெரிய நஷ்டம்.

திருப்பூர் பனியன் கம்பெனியில டைலர். மாசம் 14,000. இன்சூரன்ஸ் எதுவும் இல்லை.

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்க. ஈ.எஸ்.ஐ.னு (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கா? 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு அது உண்டு. இருந்தா உங்களுக்கும் குடும்பத்துக்கும் ஏற்கெனவே காப்பீடு இருக்கு. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துல போய்ப் பாருங்க. பிடித்தமே இல்லைன்னா நேரா அரசு ஆஸ்பத்திரி.

பையனுக்கு 17 வயசு. கழுத்துல வரிசையா நெறிகட்டியிருக்கு, ஒரு மாசமாச்சு. சாயங்காலம் லேசாக் காய்ச்சல். பாட்டி பத்துப் போடுறாங்க.

பல்லு, தொண்டை, தலைப் பேன்னு எது வந்தாலும் நெறிகட்டும், ரெண்டு வாரத்துல வடியும். ஒரு மாசம் நின்னு, சாயங்காலக் காய்ச்சலும் இருந்தா நம்ம ஊர்ல முதல்ல நினைக்க வேண்டியது காசநோய். கழுத்து நெறிகட்டிக் காசநோய் இங்கே சாதாரணமா வர்றது. ஊசி வச்சு எடுத்துப் பார்த்தாப் பெரும்பாலும் தெரிஞ்சிடும். காசநோய்னா மாத்திரை முழுசும் அரசு இலவசம், வழக்கமா ஆறு மாசம். சத்துணவுக்கு மாசம் 1,000 ரூபாய் பேங்க் கணக்குல வரும். முன்னே 500-ஆ இருந்தது. எடை குறையுதா, ராத்திரி சட்டை நனையற அளவு வேர்க்குதான்னும் கவனிங்க. நிணநீர்ப் புற்றுநோய்லயும் இப்படி வரும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும். பாட்டியைக் கோவிச்சுக்காதீங்க, ஆனா பத்தை நிறுத்திடுங்க. தோல் வெந்துபோனா ஊசி வைக்கவே இடம் இருக்காது.

வெட்கமா இருக்கு சிஸ்டர். 24 வயசு. விதைப்பையில ஒரு பக்கம் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு. வலி இல்லை.

வெட்கப்பட ஒண்ணுமில்லை தம்பி, கேட்டது ரொம்ப நல்லது. இதைத் தள்ளிப்போடவே கூடாது, இந்த வாரமே போங்க. விதைப் புற்றுநோய் இளவயசு ஆண்களுக்கு வர்றது. அதே சமயம் சீக்கிரம் வந்தா நல்லாக் குணமாகிற புற்றுநோய்கள்ல இதுவும் ஒண்ணு. அல்ட்ராசவுண்டும் சில ரத்தப் பரிசோதனையும் எடுப்பாங்க. யாராவது பையில ஊசி குத்தி எடுத்துப் பார்க்கிறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. விதையை எடுக்கணும்னா தொடை இடுக்கு வழியா ஆபரேஷன் செஞ்சுதான் எடுப்பாங்க. பெரிய டாக்டரைப் பார்க்கணும்னு கேளுங்க. கல்யாணம், குழந்தை பத்தின கவலையையும் முதல்லயே அவங்ககிட்ட சொல்லிடுங்க. விந்தணுவைச் சேமிச்சு வைக்க வழி இருக்கு.

கத்தி பட்டா கேன்சர் பரவிடும்னு மாமியார் அழறாங்க.

கத்தி பட்டதால பரவலைம்மா. பரவின பிறகு கத்திக்கிட்ட வந்தவங்களைத்தான் ஊர் பார்த்திருக்கு. ஓ.பி.க்கு மாமியாரையும் கூட்டிட்டுப் போய் டாக்டர் வாயாலயே கேட்க வைங்க.

தனியார்ல பயாப்சிக்கே கையிருப்பு கரைஞ்சுபோச்சு. ரிசல்ட் கேன்சர். இனி எங்கே?

மனசைத் தளரவிடாதீங்க. ரிப்போர்ட்டோட நிறுத்தாம, சதையை மெழுகுல பதிச்சு வச்ச பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடையும் அந்த லேப்ல எழுதிக் கேட்டு வாங்கிக்கங்க. அது கையில இருந்தா அடுத்த ஆஸ்பத்திரியில மறுபடி சதை எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில அரசு அறிஞர் அண்ணா புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கு. சென்னை அடையாறுல புற்றுநோய் நிறுவனம் இருக்கு. தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல தொடங்கினது. வசதி இல்லாதவங்களுக்கு அங்கே இலவசமாகவும் சலுகையாகவும் பார்க்கிறாங்க. தூரம்னா உங்க மாவட்ட மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பிங்க. காப்பீட்டு அட்டை விவகாரத்தை அங்கே இருக்கிற காப்பீட்டுக் கவுன்டர்ல சொல்லுங்க.

யாழ்ப்பாணம், எனக்கு 36 வயது. மார்பகத்திலை கட்டி போல இருக்குது. இங்கை எங்கை காட்டுறது?

உங்க ஊர்ல அரசு வைத்தியம் எல்லாருக்கும் இலவசம், காப்புறுதி கேட்கமாட்டாங்க. பக்கத்துல பெண்களைப் பரிசோதிக்கிற சுகவனிதையர் கிளினிக் இருந்தா அங்கே, இல்லைன்னா நேரா போதனா வைத்தியசாலைக்குப் போங்க. மேல் சிகிச்சை தேவைன்னா தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவாங்க.

அப்பா முதுகுல எலுமிச்சை அளவுல மெத்துன்னு கட்டி, பத்து வருஷமா அப்படியே இருக்கு.

அழுத்தினா நழுவிப்போற, வளராத மெத்துக்கட்டி பெரும்பாலும் கொழுப்புக் கட்டிதான். ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு விட்டுடலாம். திடீர்னு பெருசானாலோ, கெட்டியானாலோ, நகராம ஒட்டிக்கிட்டாலோ ஸ்கேன் கட்டாயம்.

வீட்ல யாருக்கும் சொல்லலை. தனியாப் போகப் பயமா இருக்கு.

ஓ.பி.க்கு யாரும் கூட வரணும்னு இல்லைம்மா, தனியாப் போகலாம். ஆண் டாக்டர் பரிசோதிக்கிறப்போ பெண் நர்ஸ் பக்கத்துல நிக்கணும், இல்லைன்னா கேளுங்க. முதல்ல அரசு மருத்துவ ஆலோசனை எண் 104-க்குப் போன் போட்டுப் பேசிப் பாருங்க, இலவசம்தான். உங்க தெருவுக்கு பிரஷர், சுகர் பார்க்க வர்ற மக்களைத் தேடி மருத்துவம் அக்காகிட்ட தனியாச் சொன்னாலும் எங்கே போகணும்னு வழிகாட்டுவாங்க. ஊரையும் எந்தக் கிழமை போக முடியும்னும் எனக்கு எழுதுங்க. எந்த ஆஸ்பத்திரி, எந்த ஓ.பி.ன்னு பார்த்து எழுதறேன்.