பிங்யாவ்: எந்த ஸ்டேஷன்?

சீனாவின் பிங்யாவ் ஊரில் ரயிலை விட்டு இறங்கி, மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்கு நடந்தே போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். நடந்து போக முடியாது. உங்கள் டிக்கெட்டில் உள்ள ‘பிங்யாவ் கூச்செங்’ ஸ்டேஷன் மதில் நகரத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; டாக்சியோ பஸ்ஸோ வேண்டும்.

குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். ‘கூச்செங்’ என்றால் பழைய நகரம். அதனால் மதிலை ஒட்டித்தான் ஸ்டேஷன் என்று நினைத்து அங்கே ரூம் தேடியிருப்பீர்கள். மதிலுக்குப் பக்கத்தில் இருப்பது வெறும் ‘பிங்யாவ்’ ஸ்டேஷன், பழைய ரயில் பாதையில்.

ரயில் எண்ணைப் பாருங்கள். ஜி அல்லது டி என்று தொடங்கினால் அதிவேக ரயில், கூச்செங்கில்தான் நிற்கும். கே என்றால் பழைய ஸ்டேஷன். மெதுவாகப் போகும், ஆனால் இறங்கி நடந்தே மதிலுக்குப் போய்விடலாம்.

ஒன்று மட்டும்: மதிலுக்குள் வெளிக் கார்களைப் பொதுவாக விடுவதில்லை. டாக்சி மதில் வாசலிலேயே இறக்கிவிடும். எந்த வாசல் பக்கம் என்று ஹோட்டலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மதிலின் சுற்றளவே சுமார் 6 கிலோமீட்டர், தப்பான வாசலில் பெட்டியோடு நின்றால் கஷ்டம்.

அப்புறம், ஒரே நாள்தான் என்றால் 1370இல் மிங் அரச வம்சத்தின் காலத்தில் புதுப்பித்த மதிலைவிட ரிஷெங்சாங் வீட்டுக்கே அதிக நேரம் கொடுப்பேன். சாயக்கடையாக இருந்து, 1820களில் சீனாவின் முதல் உண்டியல் வங்கியாக (ஊருக்கு ஊர் சீட்டு மூலம் பணம் அனுப்பும் வங்கி) மாறிய இடம். வெள்ளியை வண்டியில் ஏற்றிக் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து போவதற்குப் பதில், இங்கே கட்டிவிட்டு வேறு ஊர்க் கிளையில் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்வார்கள். எழுத்துகளையே சங்கேதமாக வைத்துச் சீட்டு எழுதினார்களாம்.