கம்பெனிக்கு ஒரு டம்ளர்

கேள்வி: குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. புத்தாண்டு ராத்திரிக்கு நண்பர்கள் ஏற்காட்டில் காட்டேஜ் எடுத்திருக்கிறார்கள். பத்துப் பேர். "குடிக்காட்டிப் பரவாயில்லை, சும்மா கம்பெனி கொடு" என்கிறார்கள். போகலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: போங்கள். மனசு தடுமாறினால் உடனே எழுந்து போய்ப் படுக்கத் தனி அறை இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்துக்கொண்ட சொல் 'கம்பெனி'. சேலத்துக்கு அது பழைய சொல். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் சேலத்தை விட்டுக்கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனிக்குத்தான். அந்தக் கம்பெனி நம்மிடம் எடுத்துக்கொண்டதே அதிகம். ஆனாலும் அதன் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காபிச் செடியை ஊன்றினார். இன்றைக்கும் நீங்கள் போகிற டிசம்பர் கடைசியில் தோட்டங்களில் காபிப் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட மலைக்குக் கீழேயிருந்து பாட்டில் கட்டிக்கொண்டு போவது எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் கொடுக்கிற கம்பெனி காபியாக இருக்கட்டும்.

பத்துப் பேருக்கு 100 கிராம் தூள், 600 மில்லி தண்ணீர், ஒரு லிட்டர் பால். தூளே 200 மில்லியைக் குடித்துவிடும். 400 மில்லி டிகாஷன் இறங்கும், ஆளுக்கு 40. வீட்டு ஃபில்டர் ஒன்று போதாது, இரண்டு எடுத்துப் போங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். காபிக்கு அந்தச் சூடு போதும். ஆனால் மார்கழிக் குளிரில் ஜில்லென்று கிடக்கிற ஃபில்டரில் ஊற்றினால் சூடு சட்டென்று விழுந்து டிகாஷன் வெளுத்து இறங்கும். அதனால் வெந்நீரில் ஃபில்டரை ஒரு தடவை அலசிவிட்டுத் தூளைப் போடுங்கள். தூளை அழுத்தி அமுக்கினால் சொட்டாது. அமுக்காமலே விட்டால் தண்ணீர் ஓடிவிடும். விரல் நுனியால் சமப்படுத்தினால் போதும். சிக்கரியில் என் கட்சி பழைய கட்சிதான்: 20 சதவீதத்துக்கு மேல் போனால் அது சிக்கரித் தண்ணீர்.

காபி ஒன்பது மணியோடு சரி. அதற்கு மேல் தூக்கம் கெடும். பிறகு என்ன குடிப்பது என்பதில்தான் பலரும் தப்புச் செய்கிறார்கள். குடிக்காதவர் என்றால் கையில் ஒரு கலர் பாட்டிலைத் திணித்துவிடுகிறார்கள். தித்திப்பு ஒரு டம்ளரில் திகட்டிவிடும், ராத்திரியோ நீளம். உறைப்பு, கசப்பு, சூடு, இவற்றில் ஒன்று தொண்டையைப் பிடித்தால்தான் மெல்ல மெல்லக் குடிக்கத் தோன்றும். அதற்குச் சுக்குமல்லிக்கு மேல் எதுவும் இல்லை. ஒன்றரை லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் சுக்கு, 50 கிராம் மல்லி, ஒரு ஸ்பூன் மிளகு, நாலு ஏலக்காய், 150 கிராம் கருப்பட்டி. மல்லியை வாசம் வருகிறவரை மட்டும் வறுக்க வேண்டும். கருகினால் மொத்தப் பாத்திரமும் கசந்துவிடும். சுக்கைத் தட்டி, தண்ணீரோடு போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். கடைசியில் பொடியாகத் தூவினால் பச்சை வாடை நிற்கும். கருப்பட்டியைத் தனியே கரைத்து மண் வடிகட்டிச் சேருங்கள். பால் வேண்டாம், கருப்பட்டியோடு கொதித்தால் திரிந்துவிடும்.

இதைக் கண்ணாடி கிளாஸில் வாங்காதீர்கள். எவர்சில்வர் டம்ளர் உங்களுடையதாக, எப்போதும் பாதிக்கு மேல் நிறைந்ததாக இருக்கட்டும். காலி டம்ளரைக் கண்டால்தான் யாராவது "கொஞ்சமா ஊத்தட்டுமா" என்பார்கள். 'ஆல்கஹால் இல்லாத பீர்' பக்கமும் போகாதீர்கள். சிலவற்றில் அரை சதவீதம்வரை இருக்கும். அதுகூடப் பெரிதில்லை, அந்த வாசனை உங்களைப் பழைய இடத்துக்குக் கூட்டிப்போகும்.

குடிக்காமல் கொண்டாடுவது சேலத்துக்குப் புதுசு என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1937 அக்டோபர் 1-ம் தேதி, ராஜாஜி ஆட்சியில், சென்னை மாகாணத்திலேயே முதலில் மதுவிலக்கு வந்த மாவட்டம் நம்முடையது. அன்றைய சேலம் மாவட்டம் என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்த்து. போன வருமானத்தை ஈடுகட்டத்தான் 1939-ல் விற்பனை வரி போட்டார்கள். நாலு மாவட்டத்து மண் அந்தத் தீபாவளியையும் பொங்கலையும் கள்ளுக்கடை இல்லாமல் கொண்டாடியது.

இன்னொன்று, முன்பும் எழுதினேன், மறுபடியும் எழுதுகிறேன்: குடிக்காதவர் மற்றவர்களுக்குச் சம்பளமில்லாத டிரைவர் இல்லை. ராத்திரி பன்னிரண்டுக்கு "ஒரு ரவுண்டு போய் வரலாம்" என்றால் மறுத்துவிடுங்கள். காலையில் இறங்கும்போது மட்டும் சாவி உங்களிடம் இருக்கட்டும். 60 மில்லி லார்ஜ் ஒன்று உடம்பில் கரைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாலு லார்ஜ் போட்டவர் தூங்கி எழுந்து குளித்திருந்தாலும் காலை ஏழு மணிக்கு ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான். உங்கள் காபி அவருடைய தூக்கத்தைக் கலைக்கும், போதையை இறக்காது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். லோ பீம் போதும்.

தினமும் நிறையக் குடிப்பவர் யாராவது இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஒரேயடியாக நிறுத்த நினைத்தால், முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் டாக்டரைப் பாருங்கள். திடீரென்று விட்டால் கை நடுக்கத்தோடு நிற்காமல் வலிப்புவரை போகலாம்.

பசி வந்தால் பழைய ஆசையும் கூடவே வரும். ஆகவே சேலத்திலிருந்து தட்டுவடை செட்டுக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்ளுங்கள். தட்டுவடை காற்றுப் புகாத டப்பாவில். துருவிய பீட்ரூட், கேரட், நறுக்கிய வெங்காயம் தனித்தனியே, உப்புப் போடாமல். உப்புப் போட்டால் மலை ஏறுவதற்குள் தண்ணீர் விட்டுவிடும். பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி இரண்டு பாட்டில். செட்டை ஒவ்வொருவர் கையிலும் அப்போதே அடுக்கிக் கொடுங்கள். ஐந்து நிமிஷம் ஊறினால் தட்டுவடை நமத்துவிடும். நீங்களே அடுக்கிக் கொடுக்கிறவராக இருந்தால் பத்துப் பேரும் உங்கள் பக்கம்தான் கை நீட்டிக்கொண்டிருப்பார்கள்.