பிள்ளைகளின் உடையை மற்ற இனத்தார் பார்வைக்குப் பயந்து தேர்ந்தெடுப்பது மிகையான அச்சமா?

அமெரிக்கக் கறுப்பினப் பெற்றோர் மகன்களை ஹூடி (தலைமூடி வைத்துத் தைத்த மேற்சட்டை) அணிய விடத் தயங்குவதைப் படித்துவிட்டு, மலேசியாவில் நாமும் அப்படிப் பயப்படுவது மிகையல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தலைநகரில் வளர்ந்தவராகவோ, மகன் இல்லாதவராகவோ இருக்க வேண்டும் என்பது என் ஊகம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது பட்டணத்தில் தையல் கடை நடத்தும் எனக்கு இது மிகையாகத் தெரியவில்லை.

2012 பிப்ரவரியில் புளோரிடா மாநிலத்தின் சான்ஃபோர்டு நகரில், ஹூடி அணிந்து நடந்துவந்த 17 வயது ட்ரேவோன் மார்ட்டினை, அக்கம்பக்கக் காவலில் இருந்த ஒருவர் சுட்டுக் கொன்றார். அந்தச் சாவுக்கு உடையும் காரணம் என்று பேசியவர்களும் அங்கே இருந்தார்கள். நம் நிலைமையும் அதுவும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டு, கும்பல்களின் பெயர்களான 04, 08, 36 என்ற எண்களும் அவற்றில் இந்தியர்களே அதிகம் என்ற செய்தியும் நாளிதழ்களில் வந்தபின், எங்கள் ஊரில் எண் போட்ட சட்டை என்றாலே தாய்மார்கள் இரண்டாம் முறை பார்க்கத் தொடங்கினார்கள்.

என் கடைக்கு எல்லா இனத் தாய்மார்களும் பள்ளிச் சீருடை தைக்க வருகிறார்கள். மற்றவர்கள் நீளத்தையும் விலையையும் பேசிவிட்டுப் போவார்கள். தமிழ்ப் பெண்கள் மட்டும், பச்சைக் காற்சட்டையின் கால்பகுதியைப் பிடித்துக் காட்டி, "அக்கா, இவன் கேட்கிறான் என்று ஒட்டித் தைத்துவிடாதீர்கள், பார்ப்பவர்கள் குண்டர் பையன் என்று நினைப்பார்கள்" என்று பையன் காதுபடவே சொல்வார்கள். அவன் முகம் அப்போது போகும் போக்கை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என் மகனுக்குப் பள்ளிக் கால்பந்துக் குழுவில் 8 ஆம் எண் ஜெர்சி கிடைத்தது. நடுக்களத்தில் ஆடுகிறவனுக்கு அந்த எண் பெருமைதான். நான் பயிற்சியாளரிடம் போய், வேறு எண் தரும்படி கேட்டேன். அந்த மலாய் ஆசிரியருக்கு முதலில் காரணம் விளங்கவில்லை, விளங்கியதும் 11 கொடுத்தார். 8 ஆம் எண் ஒரு சீனப் பையனுக்குப் போனது. "அவன் போட்டால் ஆட்டக்காரன், நான் போட்டால் குண்டனா, அம்மா?" என்று மகன் கேட்டான். ஆமாம் என்றுதான் சொன்னேன்.

கும்பல்களே இல்லை என்றோ, காவல்துறை சோதிக்கக்கூடாது என்றோ நான் வாதிடுவதாக யாரும் திரிக்க வேண்டாம். நகைக்கடை வைத்திருக்கும் நம்மவர்களே கறுப்பு டீ-சட்டையும் மணிக்கட்டில் கோயில் கயிறுமாக நுழையும் தமிழ்ப் பையனை முறைக்கும்போது, பேரங்காடிக் காவலரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை.

காலர் சட்டை போட்டால் போதும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் அக்காள் மகன் வேலை நேர்காணலுக்குப் போய்த் திரும்பும் வழியில், தேய்த்த முழுக்கைச் சட்டையோடுதான் ஒரு பேரங்காடி வாசலில் நிறுத்தப்பட்டான். பச்சை குத்தியிருக்கிறானா என்று பார்க்கச் சட்டைக்கையை மடக்கச் சொன்னார்கள். ஆக, உடை நிச்சயமான பாதுகாப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். நிறுத்துகிறவர் கையில் இருக்கும் காரணங்களில் ஒன்றையாவது குறைக்கலாம் என்பதற்காகவே, மகனோடு சண்டை போட்டாவது காலர் வைத்த சட்டையை வாங்குகிறேன்.