லேட்டரல் என்ட்ரில வந்தா மேத்ஸ் ஏன் இப்படி மிரட்டுது?

கேள்வி: சார், நான் டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சு கவுன்சிலிங்ல நேரா பி.இ. செகண்ட் இயர் சேர்ந்திருக்கேன். பாலிடெக்னிக்ல கிளாஸ் ஃபர்ஸ்ட், இங்க மேத்ஸ் பீரியட்ல பேந்த பேந்த முழிக்கிறேன். யார்கிட்ட போய் கேக்குறது?
- வாசகர், நாமக்கல்

பதில்: தம்பி, உன் மூளைல ஒரு கோளாறும் இல்ல. அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல (அதாவது பாடத்திட்டத்துல) மெக்கானிக்கலுக்கு மூணாவது செம்ல ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்னு ஒரு மேத்ஸ் பேப்பர், நடத்துறவர் எல்லாரும் ஃபர்ஸ்ட் இயர் கால்குலஸ் முடிச்சிட்டு உக்காந்திருக்காங்கன்னு நினைச்சு நடத்துறாரு, நீ அந்த வருஷமே அங்க இல்ல, அவ்வளவுதான். அதுக்காக ஃபர்ஸ்ட் இயர் புக்க முதல் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சிடாத. இந்த பேப்பர்ல வர்ற ஃபூரியர் சீரிஸ் கணக்குல முக்கால்வாசி இன்டக்ரேஷன்தான், அதுலயும் பெர்னௌலி ஃபார்முலா, நீ டிப்ளமோல போட்டதுதான், துரு பிடிச்சிருக்கும். அதையும் பார்ஷியல் டிஃபரன்ஷியேஷனையும் ரெண்டு வாரம் தேய். பக்கத்து பெஞ்ச் பையனுக்கு மெஷின் டிராயிங் வராது, உனக்கு வரும், அவன்கிட்ட மேத்ஸ் கேளு, கணக்கு சரியாப் போச்சு.

அப்புறம் உங்க ஹெச்ஓடி உனக்குன்னு ஒரு ஃபேகல்டி அட்வைசர் போட்டிருப்பாரு. நம்ம பசங்களுக்கு அவர்னா ஓடி (ஆன் டியூட்டி) ஃபார்ம்ல கையெழுத்து போடுறவரு! (நானும் பல வருஷம் அந்த வேலை பார்த்தவன்தான், அரியர் விழுந்தப்புறம் அப்பாவோட வந்து நிப்பாங்க.) முதல் இன்டர்னல் டெஸ்ட்டுக்கு முன்னாடியே போய்ப் பாரு. "மேத்ஸ் கஷ்டமா இருக்கு சார்"னு சொன்னா "நல்லா படிப்பா"ன்னுதான் பதில் வரும், எந்த கணக்குல எந்த ஸ்டெப்ல நிக்குதுன்னு நோட்டோட போ, அப்பதான் அவராலயும் ஒரு ஆளைக் கைகாட்ட முடியும்.

இன்னொண்ணு யாரும் உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. மத்தவங்க சிஜிபிஏ எட்டு செமஸ்டர்ல பரவும், உனக்கு ஆறுதான், அதனால இந்த ஒரு செம் சொதப்பினா உன்னைத்தான் ஜாஸ்தி இழுக்கும். தியரி பேப்பர்ல இன்டர்னலுக்கே 40 மார்க், அதை விட்டுடாத. அட்டெண்டன்ஸ் 75% நான் சொல்லணுமா?

கேள்வி: என் பொண்ணு கோவைல பி.எஸ்சி. ஃபர்ஸ்ட் இயர் முடிச்சிட்டா, எங்க வீட்டுக்காரருக்கு திருச்சிக்கு டிரான்ஸ்ஃபர். பாஸ் பண்ண பேப்பருக்கான கிரெடிட் எல்லாம் ஏபிசி (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) அக்கவுன்ட்ல இருக்கே, அப்படியே அங்க சேர்ந்துக்கலாம்தானே?
- வாசகி, கோவை

பதில்: அவசரப்பட்டு டிசி வாங்கிடாதீங்கம்மா. 2021ல யுஜிசி கொண்டு வந்த ஏபிசி கிரெடிட்டை சேத்து வைக்கிற பேங்க் மாதிரி, ஆனா அதை ஏத்துக்கிறதும் ஏத்துக்காததும் போற இடத்தோட முடிவு. பாரதியார் யுனிவர்சிட்டி சிலபஸ் வேற, பாரதிதாசன் சிலபஸ் வேற, தமிழ், இங்கிலீஷ்ல பெரிசா சிக்கல் வராது, அலைட் பேப்பர்லதான் (மெயினோட சேத்து படிக்கிற துணைப் பாடம்) மாட்டும், இங்க கெமிஸ்ட்ரி அலைட் படிச்சவ அங்க மேத்ஸ் அலைட்னா அந்த பேப்பரை திரும்ப எழுதணும்பாங்க. ரெண்டு சிலபஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துட்டு, அந்த காலேஜ்ல செகண்ட் இயர்ல சீட் காலியா இருக்கான்னு கேளுங்க, எந்த பேப்பர் எழுதணும்னு பேப்பர்லயே எழுதி வாங்குங்க. வாய்ல "பாத்துக்கலாம் மேடம்"னு சொன்னா நம்பாதீங்க. ரெண்டு மூணு பேப்பருக்கு மேல திரும்ப எழுதணும்னா ஹாஸ்டல்ல விட்டுடுங்க, இன்னும் ரெண்டே வருஷம்தானே.