ஒரே அளவு குடித்தும் எனக்கு மட்டும் ஏன் சீக்கிரம் ஏறுகிறது?

கேள்வி: நானும் நண்பரும் ஆளுக்கு இரண்டு பெக்தான் குடிக்கிறோம். அவர் நிதானமாக இருக்கிறார். எனக்கு அரை மணி நேரத்தில் தலை சுற்றுகிறது. என் கல்லீரல் பலவீனமா? குடிப்பதற்கு முன் போட்டால் போதை ஏறாது என்று தெரிந்தவர் ஒரு மாத்திரை தருகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். சீக்கிரம் ஏறுகிறது என்பதை மட்டும் வைத்துக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது.

மது இரைப்பையில் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும். பெரும்பகுதி சேருவது சிறுகுடலில். வயிறு காலியாக இருந்தால் அது நேராகச் சிறுகுடலுக்கு இறங்கிவிடும். சாப்பிட்டிருந்தால் உணவோடு சேர்ந்து மெதுவாகத்தான் இறங்கும். நண்பர் சாப்பிட்டுவிட்டு வருகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் உடல்வாகு. எடை குறைந்தவர்கள், பெண்கள் உடலில் தண்ணீர் குறைவு; அதனால் அதே இரண்டு பெக் அவர்கள் ரத்தத்தில் அடர்த்தியாக நிற்கும். நண்பர் அடிக்கடி குடிப்பவர் என்றால் அவர் மூளை பழகியிருக்கும், அவ்வளவுதான். ரத்தத்தில் மது இருக்கத்தான் செய்கிறது. அவரை நம்பி வண்டியில் ஏறாதீர்கள்.

ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள்: எடை குறைக்க இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டீர்களா? அதில் இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். மதுவைத் தேக்கிவைக்க இடமே கிடையாது. சில நிமிடங்களிலேயே போதை உச்சத்துக்குப் போகும், முன்பைவிட அதிகமாகவும் ஏறும். இது வருடங்கள் கழித்தும் மாறாது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் உணவு அட்டவணையில் புரதக் கணக்கு கிராம் கிராமாக இருக்கும். பல அட்டவணைகளில் மதுவைப் பற்றி ஒரு வரி இருக்காது. எத்தனை பேர் என்னிடம் வந்துதான் முதல்முறை கேள்விப்படுகிறார்கள்! இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதாதா?

சரி, அந்த மாத்திரை. ஏற்கெனவே ரத்தத்தில் சேர்ந்த மதுவைக் கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். காபி, குளியல், மோர் எதுவும் அதை விரட்டாது. இப்படிப்பட்ட மாத்திரைகளை ‘உணவுத் துணைப்பொருள்’ என்று பெயரிட்டு விற்கிறார்கள். மருந்து என்றால் பலனை நிரூபிக்க வேண்டும். இதற்குப் பல நாடுகளில் அந்தக் கட்டாயமே இல்லை. இந்த ஓட்டையை அடைக்காதவரை இடைத்தரகர்கள் பிழைத்துக்கொண்டே இருப்பார்கள். அட்டையில் உள்ளடக்கம் அச்சிடப்படாத மாத்திரை இன்னும் ஆபத்து. உள்ளே தூக்க மருந்து இருந்தால் மதுவோடு சேர்ந்து மூச்சையே நிறுத்தக்கூடும்.

தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ வலிக்கோ நீங்கள் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், அந்தச் சீட்டை மருத்துவரிடம் காட்டிக் கேட்கும்வரை ஒரு பெக்கூட வேண்டாம்.