கேனில் மடிப்பு எங்கே விழுகிறது?

கேள்வி: எங்கள் குளிர்பான ஆலையில் 330 மில்லி அலுமினியக் கேன் ஓடுகிறது. பானம் நிரப்பும் ஃபில்லரில் 40 வால்வு, மூடியை மடித்து இறுக்கும் சீமரில் 8 தலை. சீமரைத் தாண்டி வரும் சில கேன்களில் தோளுக்குக் கீழே மடிப்பு. சீமரில் கேனை மேலே தூக்கி அழுத்தும் லிஃப்டரின் அழுத்தத்தைக் குறைத்தோம். மடிப்பு குறைந்தது, கசிவு தொடங்கிவிட்டது. என்ன செய்வது?

பதில்: அழுத்தத்தை உடனே இயந்திரக் கையேட்டில் உள்ள அளவுக்குத் திருப்புங்கள். லிஃப்டர் அழுத்தம் குறைந்தால் பாடி ஹூக் (மூடியோடு கோத்து மடியும் கேன் விளிம்பு) குட்டையாகும், கசிவு அதனால்தான். குறைந்த அழுத்தத்தில் ஓடிய சரக்கைத் தனியே நிறுத்தி, சீமை (மூடியும் கேனும் மடிந்து சேரும் இணைப்பை) வெட்டி அளந்து பாருங்கள். அளக்காமல் அனுப்பவே கூடாது.

கேனின் சுவர் சுமார் 0.1 மி.மீ. தான். மூடி இறுகி உள்ளே வாயு அழுத்தம் ஏறும்வரை அதற்குத் துணை இல்லை. பழுதற்ற சுவர் மேலிருந்து வரும் சுமையை நன்றாகவே தாங்கும். முன்பே சின்ன ஒடுக்கு விழுந்திருந்தால் அதே சுமையில் மடிந்துவிடும். மடிவது சீமரில், காரணம் அதற்கு முன்னால் என்பது அடிக்கடி நடப்பதுதான்.

சீமரை விட்டு ஒற்றை வரிசையில் வரும் இடத்திலேயே, பழுதான கேனைத் தள்ளிவிடும் ரிஜெக்டருக்கு முன்னால், தொடர்ச்சியாக 120 கேன் எடுத்து மார்க்கரால் எண் போடுங்கள். மடிப்பு எட்டுக்கு ஒன்றாக வந்தால் ஒரே தலையில் கோளாறு: லிஃப்டர் ஸ்பிரிங், சிரப் பிசின் ஏறி இறுகிய தண்டு, மூடியை மேலிருந்து பிடிக்கும் சக்குக்கும் லிஃப்டருக்கும் இடையே உள்ள உயரம். நாற்பதுக்கு ஒன்று என்றால் ஒரு ஃபில்லர் வால்வு. கேன் வாயை வால்வுக்கு நேராக நிறுத்தும் அதன் சென்டரிங் பெல் மையம் விலகியிருக்கிறதா பாருங்கள். கணக்கில் சிக்காமல் வந்தால் காலிக் கேனைக் கழுவும் ரின்சர், கன்வேயர் பக்கம் போங்கள். ஃபில்லருக்கு முன் காலிக் கேன்களை எடுத்துச் சாய்வான வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். நிரப்பிய பிறகு வாயு அழுத்தம் சிறு ஒடுக்கைத் தள்ளி மறைத்துவிடும். தடயம் எப்போதும் ஒரே உயரத்தில் இருந்தால், அடியிலிருந்து அளந்து, அதே உயரத்தில் கன்வேயர் ஓரத் தடுப்பான கைடு ரயிலின் இணைப்பையும், கேன்களை இயந்திரத்துக்குள் ஏந்திச் செல்லும் ஸ்டார் வீல் விளிம்பையும் தடவிப் பாருங்கள். மெலிந்த கேனிலிருந்து 66 மி.மீ. விட்டக் கேனுக்கு மாற்றிய நாளிலிருந்து வந்த சிக்கல் என்றால், ரயில் இடைவெளியில்தான் முதல் சந்தேகம். உயரம் மாறி மாறி இருந்தால் கேனோடு கேன் மோதுகிறது: ஃபில்லர் நின்றும் பின்னால் உள்ள கன்வேயர் தள்ளிக்கொண்டே இருக்கிறதா?

கேள்வி: சூடான நீரால் கிருமி நீக்கும் பாஸ்டரைசரில் இருந்து வரும் கேன்களின் அடிக்குழி வெளியே பிதுங்குகிறது. கேன் தரமில்லையா?

பதில்: கேனைக் குறை சொல்லும் முன் எடை போடுங்கள். அடிக்குழி பொதுவாக 6.2 பார் அளவு தாங்கும். அதிகம் நிரம்பிய கேனில், சூட்டில் விரியும் பானத்துக்கு மேலே இடமில்லாமல் அழுத்தம் எகிறுகிறது. எடை சரியென்றால் கார்பனேற்ற அளவு. அதுவும் சரியென்றால், வரிசை நின்ற நேரத்தில் சூடான பகுதியின் நீர் வெப்பம் ஏறியதா என்று பதிவில் பாருங்கள்.