சங்கச் சந்தா கட்டி என்ன ஆகப்போகிறது, சார்?

ஆசிரியர் சங்கம், சம்பளம், போராட்டம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் 1987-இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவன். தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். இடையில் பல ஆண்டுகள் வட்டாரச் செயலாளர். எந்தச் சங்கம் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் பாதிப் பேர் இத்தோடு எழுந்து போய்விடுவீர்கள்.

பணியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆன ஆசிரியை, தென்காசி: சார், சந்தா கேட்டு மூன்று சங்கத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். சங்கம் எனக்கு இதுவரை என்ன செய்திருக்கிறது?

உங்கள் சம்பளப் பட்டியலை எடுத்து வையுங்கள் டீச்சர். மேலே அரசு ஊழியர் என்று இருக்கிறதே, அதுவே தானாக வந்ததில்லை. 1981 ஜூன் 1-க்கு முன்னால் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர் கிடையாது, ஒன்றியத்தின் ஊழியர். என் பள்ளியில் இருந்த மூத்த ஆசிரியர் ஒருவர் அந்தக் காலத்துக் கதை சொல்வார்: சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று மளிகைக்கடைக்காரர் இவரிடம் கேட்பாராம், இவர் ஒன்றிய அலுவலக கிளார்க்கிடம் கேட்பாராம்.

அடுத்து அடிப்படைச் சம்பளம். மத்திய அரசு ஊழியருக்கு இணையான ஊதியம் தமிழ்நாட்டில் 1988 ஜூன் 1 முதல் கணக்கிடப்பட்டது. அப்புறம் தேர்வுநிலை, சிறப்புநிலை என்ற ஊதிய உயர்வுகள். பதவி உயர்வே இல்லாமல் ஒரே நாற்காலியில் 10 வருடம் இருந்தால் ஒன்று, 20 வருடம் இருந்தால் இன்னொன்று. தொடக்கப் பள்ளியில் பதவி உயர்வு எவ்வளவு அரிது என்று உங்களுக்கே தெரியும், அதனால் இந்த வரியின் அருமையும் தெரியும். உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றும் சேர்ந்த திட்டம் 1955-இல் வந்தது. 1973-ஆம் ஆண்டுத் தனியார் பள்ளி முறைப்படுத்தும் சட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான், கல்வித்துறையின் முன் அனுமதி இல்லாமல் நிர்வாகி நினைத்த மாத்திரத்தில் ஓர் ஆசிரியரை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று ஆனது.

இதெல்லாம் சங்கம் மட்டும் செய்ததா? இல்லை. தேர்தல், முதலமைச்சர்களின் கணக்கு, நல்ல அதிகாரிகள், எல்லாம் சேர்ந்துதான். ஆனால் கோரிக்கையை எழுதி வைத்து, 10 வருடம் ஆனாலும் மறக்காமல் மறுபடி மறுபடி கொண்டுபோய் நீட்டியது சங்கம்தான். அமைச்சர் மாறுவார், செயலாளர் மாறுவார். அந்தக் கோப்பின் கதை தெரிந்த ஆள் சங்க அலுவலகத்தில் இருப்பார்.

பட்டதாரி ஆசிரியர், தருமபுரி: தோழர், வேலைநிறுத்தத்தால் உண்மையில் எதுவும் கிடைத்திருக்கிறதா? சம்பளப் பிடித்தம்தான் மிச்சம் என்கிறார் என் மாமனார்.

மாமனார் சொல்வதில் பாதி உண்மை. வேலைநிறுத்தம் நடக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அதற்கு அடுத்த தேர்தலில் கிடைக்கும்.

1988-இல் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் நடந்தபோது இங்கே ஆளுநர் ஆட்சி. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட நிறையவில்லை. கோரிக்கை அப்போதே நிறைவேறிவிடவில்லை. 1989-இல் ஆட்சி வந்த பிறகு அமைந்த ஊதியக் குழுவின் பலனைத்தான் முன்தேதியிட்டுக் கொடுத்தார்கள்.

2003 கதை வேறு. ஓய்வூதியப் பலன்களிலும், எடுக்காத விடுப்பைப் பணமாக்கும் சரண் விடுப்பிலும் அரசு கை வைத்தது. ஜூலை 2-ஆம் தேதி வெளியே வந்தோம். எஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், அவசரச் சட்டம், சுமார் 1,70,000 பேர் டிஸ்மிஸ். அதில் நானும் ஒருவன். வீட்டில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து "சார், உங்களுக்குமா?" என்று கேட்டபோதுதான் மனைவிக்குத் தெரிந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை கையில் ஒற்றை வளையல்தான் இருந்தது.

ஆகஸ்ட் 6-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை. நிபந்தனையற்ற மன்னிப்பும், வேலைநிறுத்தம் கூடாது என்னும் நடத்தை விதி 22-க்குக் கட்டுப்படுவேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். அலுவலக மேசையில் தட்டச்சு செய்த படிவம் அடுக்கி வைத்திருந்தார்கள். வரிசையில் நின்று பெயரை மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டோம். எனக்கு முன்னால் நின்ற தலைமையாசிரியர், ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தவர், பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

தோல்விதான். ஆனால் 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு 39 தொகுதியில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முடிவு வந்த அதே மாதத்தில் ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. அதனால்தான் சொல்கிறேன், மாமனார் பாதிதான் பார்த்திருக்கிறார்.

பெயர் வேண்டாம் என்றவர்: போராட்டத்துக்குப் போனால் 17(பி) வருமா?

வரலாம். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஏ) சின்ன தண்டனைக்கு, 17(பி) பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை. நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் இடிக்கும். 2019 ஜனவரிப் போராட்டத்தில் வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பின்னால் ரத்தாகும், ஆனால் அந்த நடுவில் உள்ள காலம் உங்களுடையது. தகுதிகாண் பருவம் முடியாதவர்களை முன்வரிசையில் நிறுத்தும் சங்கத்தை நான் மதிக்க மாட்டேன்.

2010-இல் நியமனமான இடைநிலை ஆசிரியர், திருவண்ணாமலை: ஐயா, எங்களுக்கு மட்டும் ஏன் இந்த அநியாயம்? பெரிய சங்கங்கள் அன்று என்ன செய்துகொண்டிருந்தன?

இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன் தம்பி.

விவரம் தெரியாதவர்களுக்காக: 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் பழைய அடிப்படை 4,500. ஆறாவது ஊதியக் குழு வந்தபோது அதை 1.86-ஆல் பெருக்கினார்கள், 8,370 ஆனது. மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200-இல் ஆரம்பம். அடிப்படையோடு சேரும் தர ஊதியம் இருவருக்கும் 2,800. ஒரே தகுதி, ஒரே வகுப்பு, ஒரே கரும்பலகை. அடிப்படையில் வித்தியாசம் 3,170 ரூபாய். அதன் மேல் அகவிலைப்படி வேறு. அதே நேரத்தில் மத்திய அரசின் இடைநிலை ஆசிரியருக்கு 9,300 தொடக்கம், தர ஊதியம் 4,200. ஏழாவது ஊதியக் குழு வந்தபோது இந்த வித்தியாசம் அப்படியே பெருக்கப்பட்டு, அங்கே 35,400, இங்கே 20,600 என்று ஆனது.

அன்று நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? அரியர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். உண்மையைச் சொல்கிறேன், அரசாணை நகல் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடியது என் வரியைத்தான். தர ஊதியம் குறைவு என்று ஆர்ப்பாட்டம் நடத்தினோம், 2011-இல் 750 ரூபாய் தனி ஊதியம் கிடைத்தது. ஆனால் இனிமேல் வரப்போகிறவனுக்கு என்ன ஆகும் என்று கேட்க அன்றைய கூட்டத்தில் ஆள் இல்லை. பாதிக்கப்பட்டவர் இன்னும் வேலைக்கே வரவில்லை, சங்க உறுப்பினராகவும் இல்லை. அரசுக்கு இது நன்றாகத் தெரியும். இருப்பவனிடம் பிடுங்கினால் சத்தம் வரும், வரப்போகிறவனுக்குக் குறைத்தால் வராது. 2003 ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்று வந்ததும் இதே வழியில்தான்.

நீங்களே தனியாக இயக்கம் கட்டி 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் சென்னையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் குழந்தைகளோடு பட்டினி கிடந்தீர்கள். (பெயரை மாற்றிவிட்டார்கள், என் வாய்க்கு இன்னும் டி.பி.ஐ.தான் வருகிறது.) உங்களைப் பிளவுவாதிகள் என்று பேசிய மூத்தவர்கள் உண்டு. நான் பேசவில்லை, ஆனால் எதிர்த்தும் பேசவில்லை.

பகுதிநேர ஓவிய ஆசிரியர், நாகப்பட்டினம்: தொகுப்பூதியத்திலிருந்து காலமுறை ஊதியத்துக்கு யாராவது வந்ததுண்டா?

வந்ததுண்டு. 2003-க்குப் பிறகு அரசுப் பள்ளிகளில் தொகுப்பூதியத்தில், அதாவது படிகள் இல்லாத ஒரே மாதத் தொகையில், ஆள் எடுத்தார்கள். இடைநிலைக்கு மாதம் 3,000, பட்டதாரிக்கு 4,000. எங்கள் ஒன்றியத்தில் ஒரு பெண் அந்த மூவாயிரத்தில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் போக மீதியைத்தான் வீட்டில் கொடுத்தாள். 2006-இல் ஆட்சி மாறியதும் ஜூன் 1 முதல் எல்லோருக்கும் படிகளும் ஆண்டு உயர்வும் உள்ள காலமுறை ஊதியம். அதற்கு முந்தைய காலம் மட்டும் கணக்கில் வரவில்லை.

உங்கள் நிலை கடினம். 2012-இல் 16,549 பேரை 5,000 ரூபாயில், வாரம் மூன்று அரை நாள் என்று எடுத்தார்கள். 2024-இல் அது 12,500 ஆனது. அரை நாள் என்ற சொல் உங்கள் நியமன ஆணையிலேயே இருப்பதால் "முழுநேரப் பணியிடமே இல்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பணியிடம் உருவாக்கு என்று கேட்பதுதான் சரியான கோரிக்கை. ஆயிரம் ஏற்று, இரண்டாயிரம் ஏற்று என்று கேட்டால் அதையே தந்து முடித்துவிடுவார்கள்.

மெட்ரிக் பள்ளி ஆசிரியை, கோவை: எங்களுக்கும் சங்கம் வைக்க முடியுமா அண்ணா?

வைக்கலாம் அம்மா, சங்கம் சேரும் உரிமை எல்லோருக்கும் உண்டு. சிக்கல் வேறு இடத்தில். ஆசிரியர் அன்றைய தொழில் தகராறு சட்டத்தின்படி 'தொழிலாளி' இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் சொல்லிவிட்டது. அதனால் மில்லில் நடக்கும் பேச்சுவார்த்தை முறை உங்களுக்கு வாய்க்கவில்லை.

ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்காதீர்கள். பணிக்கொடை ஆசிரியர்களுக்கும் உண்டு. 2009-இல் சட்டத்தைத் திருத்தி 1997-இலிருந்தே செல்லும் என்றார்கள், தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கை 2022-இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் பி.எஃப். உண்டு. பேறுகால விடுப்பு 26 வாரம். ஒருவர் தனியாகப் போய்க் கேட்டால் அடுத்த வருடம் வகுப்பு இருக்காது. பத்துப் பேராகக் கேளுங்கள், அதுவும் சேர்க்கை நடக்கும் மே, ஜூனில் கேளுங்கள்.

முதுகலை ஆசிரியர், மதுரை: இத்தனை சங்கம் எதற்கு?

பதவிவாரியாக ஒன்று, கட்சிவாரியாக ஒன்று, தலைவர் கோபித்துக்கொண்டு போனதால் ஒன்று. பிரச்சினை பெரிதாகும்போது ஜாக்டோ-ஜியோ, தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் என்று ஒரே மேடைக்கு வருகிறோம், பிறகு கலைகிறோம். இதற்கு மேல் சொன்னால் வீட்டுக்கு ஆள் வரும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர், புதுக்கோட்டை: சம்பளம் தவிர வேறு எதற்காவது சங்கம் பேசுகிறதா?

பேசுகிறது, அது செய்தியில் வருவதில்லை. மாணவர், பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு வேலையை ஆசிரியர் தலையிலிருந்து இறக்கு என்று எத்தனை வருடம் கத்தினோம்! 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243, தொடக்கக் கல்வியில் ஒன்றிய அளவில் இருந்த முன்னுரிமைப் பட்டியலை மாநில அளவுக்கு மாற்றியது. பதவி உயர்வு வேண்டுமானால் பக்கத்து மாவட்டம் என்ன, மாநிலத்தின் அடுத்த மூலைக்கே போக வேண்டி வரலாம். தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் பெண்கள். பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் நிலை. இது சம்பளப் பிரச்சினையா, பணிச்சூழலா? இரண்டும்தான்.

இடைநிலை ஆசிரியை, விழுப்புரம்: சார், பெரிய விஷயமெல்லாம் இருக்கட்டும். என் தேர்வுநிலை விண்ணப்பம் எட்டு மாதமாக வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கிடக்கிறது. எந்தச் சங்கத்தில் சேர்ந்தால் நகரும்?

எந்தச் சங்கத்தின் வட்டாரச் செயலாளர் குறைதீர் நாள் தவறாமல் அந்த அலுவலகத்துக்குப் போகிறார் என்று விசாரியுங்கள். அதில் சேருங்கள், மாநிலத் தலைவர் யார் என்று பார்க்க வேண்டாம். அதற்கு முன்னால் பணிப்பதிவேட்டில் உங்கள் தகுதிகாண் பருவம் முடித்த பதிவு இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். பத்தில் ஐந்து கோப்பு அதில்தான் நிற்கும். பிறகு பழைய விண்ணப்பத் தேதியைக் குறிப்பிட்டு நினைவூட்டுக் கடிதம் எழுதி இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "வைத்துவிட்டுப் போங்க டீச்சர், பார்த்துக்கறோம்" என்பார்கள். உட்கார்ந்துகொள்ளுங்கள்.